மலை ரயிலின் மூச்சொலி: பவானியிலிருந்து கல்லாறு வரை

பவானியைக் கண்ணால் காண்பவர்களுக்கு அது இரண்டு ஆறுகள் கூடும் ஊர். காதால் கேட்பவர்களுக்கோ அது தறிகளின் ஊர். காவிரியும் பவானியும் சங்கமிக்கும் கூடுதுறையின் நீரோசையைத் தாண்டி ஊருக்குள் நடந்தால், ஜமுக்காளம் நெய்யும் குழித்தறிகளின் மந்தமான அடியோசை வீட்டுக்கு வீடு கேட்கும். காவிரிப் பாலத்தைக் கடந்து குமாரபாளையம் சென்றால், விசைத்தறிகளின் படபடப்பு பேச்சையே விழுங்கிவிடும். இத்தனை ஓசைகள் நிறைந்த எங்கள் ஊரில் கேட்கக் கிடைக்காத ஓசை ஒன்று உண்டென்றால் அது ரயிலோசைதான். பவானிக்கு ரயில் நிலையம் இல்லை. சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈரோடு சந்திப்புக்குப் போனால்தான் ரயிலைக் காணலாம்.

அப்படிப்பட்ட ஊரில், ஜமுக்காள நெசவாளி ஒருவரின் வீட்டுத் திண்ணையில், ஒரு முழ நீளமுள்ள நீராவி எஞ்சின் ஒன்று உருவாயிற்று. அதற்குக் குரல் தேடி நாங்கள் மேற்கொண்ட பயணத்தின் வரலாறே இக்கட்டுரை.

தகரத்தில் ஒரு மலை ரயில்

எஞ்சினைச் செய்தவர் என்னிடம் மாலை மத்ரஸாவில் ஓதிய மாணவர். இப்போது பாலிடெக்னிக்கில் பயில்கிறார். அவருடைய பாட்டனார் நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண்ணழுத்த நோயால் பார்வையை முற்றிலும் இழந்துவிட்டார். "அந்த வண்டியில இன்னொரு தடவை போகணும்" என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலியும் மலைக்குளிரும் அதற்கு இடம் தரவில்லை. பாட்டனார் மலைக்குப் போக முடியாவிட்டால் என்ன, மலை வண்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று பேரன் எண்ணினார்.

மாதிரி ரயில்களில் பல அளவுகள் உள்ளன. புனேயில் 1998-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவுடையவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். தோட்டங்களில் ஓடும் பெரிய அளவு மாதிரிகளை ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அறிமுகம் செய்தது. இவற்றின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். உண்மை ரயிலை 22.5-ஆல் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். நம் மலை ரயில் ஓடுவது மீட்டர் பாதையில். 1,000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வருகிறது. உலகெங்கும் விற்கப்படும் 45 மில்லிமீட்டர்த் தண்டவாளம், நீலகிரி ரயிலுக்கென்றே அளந்து செய்ததுபோல் பொருந்திவிடுகிறது!

பெரிய அளவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்வையற்ற முதியவர் கையால் தடவி உணர, சிறு பொம்மை போதாது. சக்கரமும் புகைபோக்கியும் பிரேக் கைப்பிடியும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மாணவர் பழைய எண்ணெய் டின்களை வெட்டி எஞ்சினைச் செய்தார். அலுமினியப் பட்டைகளை மரச்சட்டங்களில் திருகித் தண்டவாளம் அமைத்தார்.

பாட்டனார் எஞ்சினைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கேட்டார்: "சத்தம் எங்கே தம்பி?"

பேரன் எங்கிருந்தோ கிடைத்த வெளிநாட்டு நீராவி எஞ்சின் ஒன்றின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தார். நானும் அப்போது உடனிருந்தேன். முதியவர் சிறிது நேரம் செவிசாய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது நம்ம வண்டி இல்லீங்க" என்றார்.

நீராவி எஞ்சின்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே ஒலிக்கும் என்று நினைப்பவர்களுக்கு அவர் தந்த விளக்கம் இது: "மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் ஒரு தாளம். கல்லாறுல பல்லு கடிச்ச உடனே வேற தாளம். இதுல ஒரே தாளந்தானே கேக்குது?"

ஆகவே நாங்கள் கல்லாறுக்குப் புறப்பட்டோம்.

ஆற்றை எதிர்த்து ஒரு பயணம்

பவானியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்வது, பவானி ஆற்றை அதன் வாயிலிருந்து எதிர்த்துச் செல்வதற்கு ஒப்பாகும். கவுந்தப்பாடி, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் எனப் பேருந்து செல்லச் செல்ல, மஞ்சளும் கரும்பும் நெல்லும் வாழையும் மாறி மாறி வருகின்றன. இந்தப் பசுமைக்குக் காரணம் 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையும் அதன் கால்வாய்களும். சத்தியமங்கலத்தைக் கடந்தால் வலப்புறம் மலைத்தொடர் துணைக்கு வருகிறது. சிறுமுகையைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. மேட்டுப்பாளையத்தில் உறவினர் இல்லத்தில் இரவு தங்கினோம்.

மலை ரயில் காலை 7.10 மணிக்குப் புறப்படும். நாங்கள் சுப்ஹு தொழுகைக்குப் பின் நேரே நிலையத்துக்குச் சென்றுவிட்டோம். ஒலியைப் பதிவு செய்ய வருபவர்களுக்கு வண்டி புறப்படும் முன்னுள்ள அரைமணி நேரம் மிகப் பயனுடையது. எஞ்சின் நின்ற நிலையில் கொதிகலனின் சீறல், எரிப்பானின் உறுமல், இணைப்புக் கொக்கிகள் மாட்டும் ஓசை ஆகியவை தனித்தனியே கேட்கின்றன. வண்டி கிளம்பியபின் இவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை இந்தப் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகைக்கு நீட்டப்பட்டது. மொத்த நீளம் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. எஞ்சின் வண்டிக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். எங்கள் முதியவர் தம் இளமையைக் கழித்த இடம் அந்த மேடைதான்.

மேட்டுப்பாளையத்தை விட்டதும் ரயில் பவானி ஆற்றைக் கடக்கிறது. எங்கள் ஊர்க் கூடுதுறைக்கு வந்து சேரும் அதே நீர். பாலத்தின்மேல் எஞ்சினின் ஓசை சற்று அகன்று ஒலித்தது. "இதையும் பதிஞ்சுக்கிட்டேனுங்க ஹஜ்ரத்" என்றார் மாணவர்.

சுமார் 8 கிலோமீட்டரில் கல்லாறு. அங்கே வண்டியின் வேகம் குறைந்தது. அடியில் ஏதோ இரும்பு இரும்பைக் கவ்வும் ஓசை எழுந்தது. சில நொடிகளில், முதியவர் சொன்னபடியே, தாளம் மாறிற்று. அதுவரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணத்தக்கதாக இருந்த மூச்சு, வண்டி மெதுவாக ஊர்ந்தபோதும் விரைந்து அடிக்கத் தொடங்கிற்று.

இரண்டு தாளங்களின் காரணம்

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்னும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றம். வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் இவ்வளவு ஏற்றத்தைத் தாங்காது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது.

இந்த எஞ்சின்களை வடிவமைத்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. தொடக்கத்தில் நிலக்கரியில் ஓடியவை, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எண்ணெய் எரிப்புக்கு மாற்றப்பட்டன. 2011-இல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலிருந்தும் புதிய எஞ்சின் வந்து சேர்ந்தது. ஓர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டுமே வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஒவ்வொரு சிலிண்டரும் முன்னும் பின்னுமாக இருமுறை ஆவியை வெளிவிடுவதால், சக்கரம் ஒருமுறை சுழல நான்கு மூச்சுகள் கேட்கும்.

பற்பாதை வந்ததும், முதலிரண்டு சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த ஆவி புகைபோக்கிக்குச் செல்வதில்லை. மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுந்து, பற்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத்தான் வெளியேறுகிறது. பற்சக்கரத்தை இயக்கும் இந்தப் பிஸ்டன்கள் மற்றவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ஓடுகின்றன. நம் காதுக்கு எட்டுவது கடைசியாக வெளியேறும் ஆவியின் ஓசையே. அதனால்தான் வண்டி மெதுவாகும்போது மூச்சு விரைவாகிறது. ஏட்டறிவு அதிகமில்லாத ஒரு முதியவர் காதாலேயே கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை இது.

ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றது. குரங்குகள் எங்கள் சிற்றுண்டிப் பொட்டலத்துக்குக் குறி வைத்தபோதும் மாணவர் பதிவை நிறுத்தவில்லை. கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டாமல், மெல்லிய கைக்குட்டையால் ஒலிவாங்கியை மூடி, அழைப்புகள் வராதபடி நிறுத்திவைத்துப் பதிந்தார். காற்றின் இரைச்சல் பெருமளவு குறைந்தது. இறக்கத்தில் எஞ்சின் தள்ளுவதில்லை, தடுக்கிறது. ஆகவே மூச்சொலி இராது, பிரேக்கின் கிறீச்சொலியும் சீறலுமே இருக்கும். அதையும் திரும்பும்போது பதிவு செய்துகொண்டோம்.

கடைத்தெருவில் மூன்று வழிகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து பயணிகள் ரயிலில் கோவை வந்தோம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கிய நகரம் அது. சிறு மோட்டார், சிறு மின்பொருள் என்று கேட்டால் கோவைக் கடைக்காரர் வியப்படைவதில்லை. பெரிய மாதிரி ரயிலுக்கு ஒலி அமைக்க இன்று மூன்று வழிகள் உள்ளன என்பதை விசாரித்தும் படித்தும் அறிந்தோம்.

முதல் வழி, ஆயத்த ஒலி டிகோடர். ஜெர்மனியின் ஈ.எஸ்.யூ. நிறுவனத்து லோக்சவுண்ட் எக்ஸ்.எல். போன்றவை இவ்வகை. மோட்டாரின் வேகத்தை உணர்ந்து, ஏற்றத்தில் உரத்தும் சமதளத்தில் மெலிந்தும் தானே ஒலிக்கும். குறை சொல்ல இடமில்லை. ஆனால் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். தண்டவாளத்துக்கு எண்முறைக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டுமானால் செலவு இன்னும் ஏறும். எங்கள் நெசவாளியின் ஒரு மாதக் கூலியை அது விழுங்கிவிடும்.

இரண்டாவது வழி, பதிவு செய்த ஒலி இல்லாமல், மின்சுற்றாலேயே நீராவி மூச்சை உருவாக்கும் எளிய அட்டைகள். மைலோகோசவுண்ட் என்பது இவ்வகையில் தோட்ட ரயில்காரர்களிடையே பெயர் பெற்றது. டிகோடரைவிட விலை மிகக் குறைவு. ஆயினும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். அஞ்சல் செலவும் சுங்கமும் சேரும்.

மூன்றாவது வழி, நாமே சேர்த்துக் கட்டுவது. டி.எஃப். பிளேயர் மினி என்னும் சிறு அட்டை, மெமரி கார்டிலுள்ள ஒலிக்கோப்புகளை வாசிக்கும். 3 வாட் ஒலிபெருக்கியும் அதிலேயே உள்ளது. விலை ஒரு கிலோ ஆட்டிறைச்சியின் விலையில் கால் பங்குகூட இல்லை. இதை இயக்க ஆர்டுயினோ நானோ என்னும் சிறு கட்டுப்பாட்டு அட்டை. சக்கரம் சுழல்வதை அறிய, அச்சில் ஒட்டிய சிறு காந்தமும் ஒரு ரீட் சுவிட்சும். இவ்வளவுதான்.

"விலை குறைஞ்சா தரமும் குறையுமேங்க?" என்று மாணவரின் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. எங்கே குறையும், எங்கே குறையாது என்று அறிந்துகொண்டால் குறையைச் சமாளிக்கலாம்.

செலவு செய்ய வேண்டிய இடம்

இச்சிறு அட்டையின் முதற்குறை, கட்டளை கொடுத்ததும் உடனே ஒலிக்காமல் கண நேரம் தாமதிப்பது. மலை ரயில் பற்பாதையில் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். அதை 22.5-ஆல் வகுத்தால், மாதிரி நொடிக்கு 16 சென்டிமீட்டர் நகர வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 11 சென்டிமீட்டர். அப்படியானால் நான்கு மூச்சுக் கணக்கிலேயே நொடிக்கு ஐந்தாறு அடிகள்; பற்பாதைக்கு அதில் இருமடங்கு. ஒவ்வோர் அடியையும் தனிக்கோப்பாக ஒலிக்கச் சொன்னால் அட்டை பின்தங்கிவிடும். ஆகவே மாணவர் தம் பதிவிலிருந்து மெதுவான ஓட்டம், நடுத்தர ஓட்டம், விரைவான ஓட்டம் என்று தொடர்ந்து சுழலும் துண்டுகளைத் தயாரித்தார். காந்தம் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணி, ஏற்ற துண்டை ஆர்டுயினோ தேர்ந்துகொள்கிறது. தண்டவாளத்தில் கல்லாறு என்று எழுதிய பலகையருகே இன்னொரு காந்தம் பதித்தார். எஞ்சின் அதைக் கடந்ததும் பற்பாதைத் தாளம் தொடங்கும்.

இரண்டாவது குறை, மோட்டாரின் மின்னிரைச்சல் ஒலியில் கலப்பது. மோட்டாருக்கு ஒரு மின்கலம், ஒலிக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் பாதி தொல்லை தீரும். கட்டளைக் கம்பியில் ஒரு கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் மீதியும் பெரும்பாலும் அடங்கும். ஒலிக்குக் கைப்பேசியின் பழைய பவர் பேங்கே போதும். ஆனால் சில பவர் பேங்குகள் சிறிய மின்னோட்டத்தைக் கண்டால் தாமே அணைந்துவிடும். வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஸ்பீக்கர். பெரிய மாதிரிகளின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கை ரயிலில் நாணயம் அளவு ஸ்பீக்கரே நுழையும். அதில் ஆழ்ந்த ஒலி வராது. ஒரு முழ எஞ்சினிலும் அதன் பெட்டியிலும் மூன்று அங்குல ஸ்பீக்கர் தாராளமாக அமரும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று மாணவருக்கு இலவசமாகவே கிடைத்தது.

ஸ்பீக்கரை அப்படியே வைத்து ஒலிக்கச் செய்தால் தகரக் குரல்தான் வரும். அதன் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். அதை இறுக மூடிய மரப்பெட்டியில் பொருத்திப் பின்னலையை அடைத்துவிட்டால், அதே ஸ்பீக்கர் வேறொரு குரலில் பேசும். பெட்டியை ரயில் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்து, தரையில் துளைகள் இட்டோம். உள்ளே சிறிது பஞ்சும் வைத்தோம். நெசவாளி வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்?

சுருங்கச் சொன்னால், காசைக் கொட்ட வேண்டிய இடம் அட்டை அன்று. கவனத்தைக் கொட்ட வேண்டிய இடம் பதிவும் ஸ்பீக்கர் பெட்டியும். பத்தாயிரம் ரூபாய் டிகோடரிலும் வேற்று எஞ்சினின் குரல் இருக்குமானால், தெரிந்த காது அதை ஏற்காது. எங்கள் செலவு, பயணச்சீட்டு நீங்கலாக, ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதியவரின் தீர்ப்பு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் தயாராயிற்று. தந்தை தறியை நிறுத்திவிட்டு வந்தார். மாணவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினை ஓடவிட்டார். கொதிகலன் சீறிற்று. ஊதல் ஒலித்தது. நான்கு நான்காக மூச்சு எழுந்தது. பாட்டனார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எஞ்சின் கல்லாறுப் பலகையைக் கடந்தது. தாளம் மாறிற்று.

முதியவரின் வலக்கை தானாக உயர்ந்து, இல்லாத பிரேக் கைப்பிடியைப் பற்றியது. "பல்லு கடிச்சிருச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் மெதுவா விடு தம்பி. அடர்லிகிட்ட வளைவு வருது" என்றார். நாங்கள் அமைத்திருந்த தண்டவாளத்தில் அடர்லி நிலையம் கிடையாது. அவர் காதில் இருந்தது.

"சத்தத்துக்குப் போய்ச் செலவு பண்றானே" என்று முதலில் சலித்துக்கொண்ட தந்தை, எழுந்து தறிக்குப் போகவில்லை. இன்னொரு சுற்று ஓடட்டும் என்றார்.

வாசகர்களுக்கு ஒரு சொல்

இத்தகைய முயற்சியில் இறங்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வீண் செலவு என்று தடுத்துவிடாதீர்கள். கேட்டதையெல்லாம் வாங்கியும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எந்த ஒலி வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். மலை ரயிலில் இடம் கிடைப்பது அரிது; பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சீட்டுக் கிடைக்காதவர்கள் காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்துக்குச் சென்று, வண்டி புறப்படுவதைக் கேட்டாலே பாதிப் பயன் உண்டு. கல்லாறு அருகே சாலையோரம் நின்றால் மறுபாதியும் கிடைக்கும்.

ஒலியளவை டி.எஃப். பிளேயரில் 30 படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் மாணவர் 14-இல் நிறுத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை உறங்கும். எதிர்வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பெண் இருக்கிறாள். பாங்கு ஒலிக்கும்போது ரயில் தானாக நிற்க வேண்டும் என்பது பாட்டனார் இட்ட சட்டம்.

கண்ணிழந்தவர்களுக்கு நாம் உணவும் மருந்தும் தருகிறோம். அவர்கள் வாழ்ந்த உலகின் ஓசைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு பழைய ஸ்பீக்கரும், ஒரு நாள் பயணமும், செவிசாய்க்கும் பொறுமையும் இருந்தால் அதுவும் இயலும் என்பதைப் பவானியின் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணை எங்களுக்குக் காட்டிற்று.